வீட்டுக்குள் நடக்கிறவர் தீம் பார்க்கில் மொபிலிட்டி ஸ்கூட்டர் எடுக்கலாமா?

கேள்வி: ஏப்ரல் 4, காலை

அம்மாவுக்கு 64 வயது. வீட்டுக்குள் நன்றாகவே நடப்பார், சமைப்பார், தெருமுனை வரை போய் வருவார். அதைத் தாண்டினால் கால் மரத்துப் போகிறது என்று உட்கார இடம் தேடுவார். அடுத்த மாதம் குழந்தைகளோடு எல்லோரும் தீம் பார்க் போகிறோம். மொபிலிட்டி ஸ்கூட்டர், அதாவது நடக்கச் சிரமப்படுகிறவர் உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி வண்டி, வாடகைக்கு எடுக்கலாம் என்றால், "அது நடக்கவே முடியாதவங்களுக்கு. நான் எடுத்தா இன்னொருத்தர் வண்டியைப் பிடுங்கின மாதிரி" என்கிறார். எடுத்தால் உபயோகமா, இல்லை கூடுதல் தலைவலியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஏப்ரல் 4, இரவு

எடுங்கள். அம்மாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

எனக்கும் அதே கதைதான். இடுப்புப் பகுதித் தண்டுவடத்தில் ஸ்டெனோசிஸ், அதாவது நரம்பு போகிற பாதை குறுகிவிட்டது. நிமிர்ந்து நடந்தால் அந்தப் பாதை இன்னும் நெருக்கும், சுமார் 200 மீட்டரில் இரண்டு காலும் கல்லாகும். உட்கார்ந்தாலோ முன்பக்கம் குனிந்தாலோ சில நிமிடத்தில் சரியாகும். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு நான் நோயாளியாகத் தெரியமாட்டேன். அதனால் எனக்கு முடியவில்லை என்பதை நானே ஏற்றுக்கொள்ள நாளானது.

முதல் தடவை வண்டி இல்லாமல் போனேன். காலை பத்து மணிக்கு உள்ளே போய், பதினொன்றரைக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவள் நாலு மணி வரை அந்தப் பெஞ்சிலேயேதான். பைகளுக்குக் காவல். குழந்தைகள் ஓடி வந்து என்ன பார்த்தோம் என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். அன்று என் கணவரின் கைபேசி 16,000 காலடி காட்டியது. பத்து கிலோமீட்டருக்கு மேல். வீட்டுக்குள் நடக்கிற நடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாம் தடவை ஸ்கூட்டர் எடுத்தேன். இரவு வரை எல்லோரோடும் இருந்தேன். பேரன் முன்னால் கால் வைக்கிற பலகையில் நின்றுகொண்டே வந்தான், அவனுக்கு அதுவே ஒரு ரைடு.

ஏப்ரல் 5

"இன்னொருத்தர் வண்டியைப் பிடுங்கின மாதிரி" என்பது மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது, அதனால் இன்னும் கொஞ்சம்.

நடக்கவே முடியாதவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தச் சக்கர நாற்காலியோடுதான் வருவார்கள், உடலுக்கு அளவெடுத்ததாக இருக்கும். ஸ்கூட்டரில் ஏற நின்று திரும்பி உட்கார வேண்டும், இறங்கவும் அப்படியே. நேராக உட்காரும் பலம் வேண்டும், கை இரண்டும் ஹேண்டிலில் இருக்க வேண்டும். கொஞ்சமாவது நிற்கிறவர், நாலு எட்டு வைக்கிறவர், அவரை நினைத்துத்தான் இந்த வண்டியின் வடிவமே. அமெரிக்காவில் ஆலன் தீம் என்பவர் 1968-இல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்த தன் குடும்பத்தவர் ஒருவருக்காக முதன்முதலில் இப்படி ஒரு வண்டி செய்தார். அமிகோ என்று பெயர் வைத்தார். நண்பன் என்று அர்த்தம். நடை குறைந்துகொண்டே போகிற ஒருவருக்காகப் பிறந்த வண்டி இது. அம்மாவுக்கு இது போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

சரி, வண்டிகள் எண்ணிக்கை குறைவு, முந்தி வருகிறவருக்கே கிடைக்கும் என்கிற இடமாக இருந்தால் என்ன செய்வது? முன்பதிவு இருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள். இல்லையென்றால் கதவு திறக்கும் முன்பே போய் நில்லுங்கள். நிற்பது அம்மா வேண்டாம், நீங்கள்.

ஏப்ரல் 5, சற்று நேரம் கழித்து

மூன்று சக்கரமா நான்கு சக்கரமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று சக்கரம். சின்ன வட்டத்தில் திரும்பும், கடைக்குள், கூட்டத்துக்குள் நுழைய வசதி, காலை நீட்டி வைக்க இடம் இருக்கும்.

ஏப்ரல் 8

மேலே மூன்று சக்கரம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன், அது அவசரம். மூன்றாம் தடவை நான்கு சக்கர வண்டி ஓட்டியபோதுதான் வித்தியாசம் புரிந்தது. மூன்று சக்கரத்தில் வேகமாகத் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும், அதுவும் சாய்வான பாதையில் குறுக்காகத் திரும்பினால் வயிற்றில் புளியைக் கரைக்கும். பார்க்குகளில் தண்ணீர் வடிவதற்காகப் பாதையை ஓரம் சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள், நடக்கும்போது கண்ணுக்கே தெரியாது. வண்டியில் உட்கார்ந்தால் தெரியும்.

அம்மா முதல் தடவை ஓட்டுகிறார் என்றால் நான்கு சக்கரம் கேளுங்கள். திரும்ப அதிக இடம் வேண்டும், இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் எடுக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. வாடகை இடத்தில் ஒரே வகைதான் இருக்கிறது, அதுவும் மூன்று சக்கரம் என்றால் வேண்டாம் என்று திரும்ப வேண்டாம். திருப்பங்களில் வேகத்தைக் குறைத்தால் போதும்.

ஏப்ரல் 9

ஓட்டுவது பற்றி. இது கார் மாதிரி இல்லை, சைக்கிள் மாதிரியும் இல்லை.

ஹேண்டிலில் இரண்டு பக்கமும் லீவர் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் வலதுகைப் பக்கம் அழுத்தினால் முன்னே, இடதுகைப் பக்கம் அழுத்தினால் பின்னே. விட்டால் நிற்கும். பிரேக் என்று தனியாக எதையும் தேட வேண்டாம், விடுவதுதான் பிரேக். முதல் நாளில் எல்லோரும் செய்யும் தவறு இதில்தான்: பயந்தவுடன் கை இறுகும், இறுகினால் வண்டி இன்னும் வேகமாகப் போகும். எனக்கு ஒரு குப்பைத்தொட்டி வரை அது நடந்தது. அம்மா கதவருகே இருக்கும் காலி இடத்தில் பத்து நிமிடம், "விடு, நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டிப் பழகட்டும். கை தானாக விடுகிற வரை கூட்டத்துக்குள் போக வேண்டாம்.

வேகத்துக்கு ஒரு குமிழ் இருக்கும், ஒரு முனையில் ஆமை, மறு முனையில் முயல் படம். சின்ன வண்டிகள் முழு வேகத்தில் மணிக்கு 6, 7 கிலோமீட்டர் போகும். மனிதர்கள் சாதாரணமாக நடப்பது 4, 5. குழந்தைகளோடு கூட்டத்தில் நடப்பது அதைவிடக் குறைவு. அதனால் ஆமைக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். எதிரே வருகிறவர்கள் கைபேசியைப் பார்த்தபடி வருவார்கள், முன்னால் போகிறவர்கள் சொல்லாமல் நிற்பார்கள், குழந்தைகள் குறுக்கே பாய்வார்கள். உட்கார்ந்திருப்பதால் நம் தலை அவர்கள் பார்வை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, நம்மைப் பார்க்கவே மாட்டார்கள். என் மகளை வண்டிக்கு நாலு எட்டு முன்னால் நடக்கச் சொன்னேன். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போக, பின்னாலேயே நான். இதைவிட நல்ல ஹாரன் கிடையாது.

தண்டவாளம் பதித்த பாதை இருந்தால், சின்ன ரயில் ஓடும் பார்க்குகளில் இருக்கும், நேர் குறுக்காகத்தான் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும். நடைபாதை விளிம்பும் அப்படித்தான், ஏறுவதானால் சாய்தளத்தைத் தேடிப் போங்கள். ஒழுங்காகக் கட்டிய சாய்தளம் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளம் இருக்கும். அதில் வண்டி சுலபமாக ஏறும். அதைவிடச் செங்குத்தாகத் தெரிந்தால் இறங்கிக்கொண்டு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 9, இரவு

சீட்டின் பின்னால் பையை மாட்டாதீர்கள். மூன்று தண்ணீர் பாட்டிலும் குழந்தைகளின் மாற்றுத் துணியும் சேர்ந்தால் ஏற்றத்தில் வண்டியின் முன்பக்கம் லேசாகும். முன் கூடையில் போடுங்கள்.

ஏப்ரல் 12

பேரன் முன்னால் நின்று வந்தான் என்று முதல் குறிப்பில் சந்தோஷமாக எழுதியிருந்தேன். குழந்தையை ஏற்றுவது ஆபத்தில்லையா என்று ஒருவர் அதைப் பிடித்துக் கேட்டிருக்கிறார், கேட்டது சரி. அப்போது முழுவதையும் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

மதியம் ஒரு கடை வாசலில் நின்றிருந்தோம். வண்டி அணைக்கவில்லை. பேரன் திரும்பும்போது அவன் முழங்கை லீவரில் பட்டது. வண்டி ஒரு கை நீளம் முன்னால் பாய்ந்தது. எதிரே ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தொடவில்லை. தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் தூக்கத்தில் வந்தது. பேரனைத் திட்டக்கூட இல்லை, தவறு என்னுடையது. இந்த வண்டி ஒருவருக்காகச் செய்தது. மடியிலோ பலகையிலோ குழந்தை இருந்தால் எடை இடம் மாறும், நம் கை லீவரை விட்டு நகரும், பார்வையும் மறைக்கும். அம்மாவின் பேரக்குழந்தைகள் கேட்பார்கள், கெஞ்சுவார்கள். அதற்கு முன்பே அம்மாவும் நீங்களும் முடிவு செய்துவிடுங்கள். கூடவே நடக்கலாம், கூடையைப் பிடித்துக்கொண்டு வரலாம், ஏறக்கூடாது.

நின்றவுடன் சாவியை அணைப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வரிசையில் ஒரு நிமிடம் நின்றாலும் சரி.

ஏப்ரல் 13

சாவி என்றதும் ஞாபகம். பல மாடல்களில் எல்லா வண்டிக்கும் ஒரே சாவிதான். ரைடு முடிந்து வந்தால் ஒரே நிறத்தில் பத்து வண்டி நிற்கும், ஊழியர்கள் வழியை விடுவதற்காக இடம் மாற்றியும் வைத்திருப்பார்கள். நல்ல பளிச்சென்ற துணி ஒன்றை ஹேண்டிலில் கட்டிவையுங்கள். நான் மஞ்சள் ரிப்பன் கட்டினேன். பர்ஸையும் மாத்திரையையும் கூடையில் விட்டுப் போகாதீர்கள்.

ஏப்ரல் 15

ரைடுகள் பற்றித்தான் பலர் கேட்கிறீர்கள், அதற்குப் பொறுமையாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஸ்கூட்டர் எடுத்தால் வரிசையைத் தாண்டி முன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துப் போக வேண்டாம். வண்டி தருவது நடைக்கு மாற்று, காத்திருப்புக்கு இல்லை. புதிதாகக் கட்டிய ரைடுகளில் வரிசைப் பாதை அகலமாக இருக்கும், வண்டியோடே போகலாம். பழையவற்றில் வளைந்து வளைந்து போகும் கம்பிகளுக்கிடையே ஸ்கூட்டர் திரும்பாது. அங்கே வாசலில் நிறுத்திவிட்டு அவர்கள் தரும் சாதாரணச் சக்கர நாற்காலிக்கு மாறச் சொல்வார்கள், அல்லது வேறு வாசல் வழியாக விடுவார்கள். நிற்க முடியாதவர்களுக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுத்து அப்போது வரச் சொல்கிற முறையும் பல பார்க்குகளில் இருக்கிறது. அது வண்டியோடு சேர்ந்து வருவதில்லை, தனியாகக் கேட்க வேண்டும், முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லும் இடங்களும் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டால் கிடைக்காது.

அடுத்தது, ஸ்கூட்டரிலிருந்து ரைடு இருக்கைக்கு மாறுவது. ஊழியர்கள் பெரும்பாலும் நம்மைத் தூக்கமாட்டார்கள், அவர்களுக்கு அனுமதி இருக்காது. நாமாகவோ நம் கூட வந்தவர் உதவியோடோதான் ஏற வேண்டும். சில ரைடுகளில் ஏறும் தளமே நகர்ந்துகொண்டிருக்கும். வாசலில் இருப்பவரிடம் "நகரும் தளத்தில் என்னால் கால் வைக்க முடியாது" என்று சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். எனக்கு ஒரு தடவை நிறுத்தினார்கள். முழு ரைடும் நின்றது, எல்லோரும் பார்த்தார்கள், எனக்கு முகம் சிவந்தது. ஊழியர் பையன் கையை நீட்டி, "அவசரமே இல்லைம்மா" என்றான். அவன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"நடக்க முடியுமா, படி இறங்க முடியுமா" என்று ஏறுவதற்கு முன் கேட்பார்கள். இது நம்மைச் சோதிப்பதற்காகக் கேட்பதில்லை. ரைடு பாதி வழியில் நின்றுவிட்டால் உயரத்தில் குறுகலான படிகளில் இறங்கி வர வேண்டியிருக்கும், வண்டி அங்கே வராது. உண்மையைச் சொல்லுங்கள். எனக்கு ஒரு மாடி அளவு படி, கைப்பிடி இருந்தால் இறங்குவேன், அதைத்தான் சொல்வேன்.

முதுகு, கழுத்துப் பிரச்சினை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எழுதியிருக்கிற ரைடுகளில் அம்மா ஏற வேண்டாம், டாக்டர் பார்த்துச் சொன்னால் தவிர. உலுக்கி எடுக்கும் ரைடுகளை நான் முழுவதும் விட்டுவிட்டேன். படகு, மெதுவாகச் சுற்றும் ராட்டினம், உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சிகள், இவற்றுக்கே ஒரு நாள் போதாது.

ஏப்ரல் 16

"நடக்கத்தானே செய்கிறார்கள், பிறகு எதற்கு வண்டி?" என்று இங்கே ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். நேரிலும் கேட்டிருக்கிறேன், வண்டியை நிறுத்தி எழுந்து கழிவறைக்கு நடந்தபோது முதுகுக்குப் பின்னால்.

ஐயா, எனக்கு ஒரு நாளுக்கு இருக்கிற நடை அவ்வளவுதான். அதை வாசலிலிருந்து முதல் ரைடு வரை செலவழித்தால் தீர்ந்தது. வண்டி இருந்தால் அதே நடையைக் கழிவறைக்கும், படகில் ஏறுவதற்கும், பேரனோடு கூண்டுக்குப் பக்கத்தில் போய்க் கிளியைப் பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம். நான் எழுந்து நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். நாலு மணி நேரம் நடக்காமல் சேர்த்துவைத்த நடை அது.

அம்மாவுக்கு இப்படி யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுவதும் வாடிப்போய்விடுவார். அதனால் கூடவே யாராவது இருங்கள்.

ஏப்ரல் 20

பேட்டரி. இந்த வண்டிகளில் பொதுவாக 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சேர்ந்து 24 வோல்ட். சார்ஜ் எவ்வளவு என்று காட்டும் முள் பாதிக்கு மேல் இருக்கும்வரை கவலை வேண்டாம். வாடகை வண்டியை இரவில் அவர்களே சார்ஜ் செய்திருப்பார்கள். அப்படியும், எடுத்தவுடன் முள் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏப்ரல் 21

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். முள் பாதிக்கு மேல் இருந்தால் கவலை வேண்டாம் என்றேன், அது நிற்கும்போது பார்த்தால் ஏமாற்றும். ஈய அமில பேட்டரியில் வண்டி நின்று ஓய்வெடுத்தால் வோல்டேஜ் கொஞ்சம் மீண்டு முள் மேலே போகும், ஏற்றத்தில் ஏறும்போது சரசரவென்று இறங்கும். ஏறும்போது என்ன காட்டுகிறதோ அதுதான் உண்மைக்குப் பக்கம். ஒரு முழுச் சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் என்று எழுதியிருப்பது சமதரையில், எடை குறைந்த ஆளை வைத்துச் சொன்னது. நின்று நின்று கிளம்புவதும் ஏற்றமும் அதைத் தின்னும். நான் அதில் பாதியைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்றாம் தடவை சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்க்கின் தூரத்து மூலையில் வண்டி நின்றேவிட்டது. பழைய பேட்டரியாக இருந்திருக்கும். தள்ளலாம் என்று கணவரும் மருமகனும் முயன்றார்கள், அசையவில்லை. மின்சாரம் போனால் பிரேக் தானாகவே பூட்டிக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கிறது, அதை மாற்றினால் பிரேக் விலகி வண்டி சும்மா உருளும். அது எங்கே என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதோ சரிவிலோ அதைத் தொடவே கூடாது, பிரேக் இல்லாமல் ஓடிவிடும். நாங்கள் அன்று வாடகைச் சீட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்துச் சொன்னோம், முக்கால் மணி நேரம் கழித்து வேறு வண்டி வந்தது. அதுவரை உட்கார அந்த வண்டியின் சீட்டே இருந்தது, அதுதான் ஆறுதல்.

வாடகைச் சீட்டில் இருக்கும் எண்ணைக் காலையிலேயே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

ஏப்ரல் 27

சின்னச் சின்னதாக விட்டுப்போனவை. மழை வந்தால் ஹேண்டிலில் இருக்கும் பட்டன் பலகையை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடுங்கள், நனைந்தால் வண்டி முரண்டு பிடிக்கும். லிஃப்டில் நேராக நுழைந்தால் பின்னால்தான் வர வேண்டும், ரிவர்ஸ் எடுக்கும்போது யாராவது பின்னால் நின்று பார்த்துச் சொல்லட்டும். சக்கர நாற்காலிக்கான கழிவறைக்குள் எல்லா ஸ்கூட்டரும் திரும்பாது, நீளம் அதிகம். வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடப்பது நல்லது, அதற்கும் கைத்தடியைக் கூடவே எடுத்துப் போங்கள்.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தாலும் இடுப்பு இறுகும், லீவரை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலிக்கும். முக்கால் மணிக்கு ஒரு தரம் எழுந்து நின்று நாலு எட்டு வைக்கட்டும்.

ஏப்ரல் 28

இன்னொன்று, இது வண்டியைப் பற்றியதில்லை. வண்டியில் உட்கார்ந்தவுடன் கடைக்காரர் என் கணவரிடம் கேட்கிறார், "இவங்களுக்கு என்ன வேணும்?" ஒரு நாளில் மூன்று தடவை. முதல் தடவை கணவரே பதில் சொல்லிவிட்டார், எனக்குத் தொண்டை அடைத்தது. அப்புறம் அவரிடம் சொன்னேன், இனி யார் கேட்டாலும் பதில் பேசாமல் என்னைப் பாருங்கள் என்று. அப்படியே செய்தார். கேட்டவரும் என் பக்கம் திரும்பினார். நீங்களும் அம்மா விஷயத்தில் இதைச் செய்யுங்கள். அவசரத்தில் நாம்தான் முதலில் மறப்போம்.

மே 19

போய் வந்த விவரம் எழுதியிருப்பதைப் படித்தேன், இரண்டு தடவை. அம்மா மதியத்துக்குள் முயல் பக்கம் குமிழைத் திருப்பிவிட்டார் என்பதைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். திருப்பங்களில் மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். கடைசியில் ராட்டினம் வரை பேத்தியின் கையைப் பிடித்து நடந்தே போனார், மறுநாள் காலை எழுந்து அவரே காபி போட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முதல் தடவை போய் வந்தபோது மூன்று நாள் படுக்கை.

சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறார் என்றால், இன்னும் இரண்டு மூன்று தடவை வாடகைக்கு எடுத்து வேறு வேறு வகை ஓட்டிப் பார்க்கட்டும். காரில் யார் தூக்கி வைப்பது, வீட்டில் எங்கே நிறுத்துவது, மிக கனமான பாகம் எத்தனை கிலோ, இதையெல்லாம் பார்த்துவிட்டு. ஈய அமில பேட்டரி என்றால் ஓட்டாத நாளிலும் சார்ஜ் போட்டு வைக்க வேண்டும், வெறுமையாகக் கிடந்தால் கெட்டுவிடும்.

வண்டியோடு சார்ஜரும் கொடுத்திருந்தார்கள் என்றால், அதைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று பையில் ஒரு தரம் பாருங்கள். நான் ஒரு தடவை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டேன்.